வாரியல், சீமாறு, தொடப்பம்

முகப்பேரில் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் கிடக்கும் அந்த ஒரு பொருளுக்கு மூன்று பெயர்கள். திருநெல்வேலிக்காரரான அப்பாவுக்கு அது வாரியல். கோயம்புத்தூரில் பிறந்த என் மனைவிக்குச் சீமாறு. பாடியிலிருந்து வேலைக்கு வரும் அக்காவுக்குத் தொடப்பம்.

வாருவதால் வாரியல், துடைப்பதால் துடைப்பம். இதெல்லாம் அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சீத்தல் என்றால் குப்பையைத் தள்ளுவது, மாறு என்றால் குச்சிக்கட்டு, ஆக சீமாறும் நல்ல பழைய தமிழ்தான் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, அவள் சீமாறு என்னும்போதெல்லாம், "பேரும் சரியில்ல, பெருக்குனதும் சரியில்ல" என்பார். விருந்தாளிகள் முன்னாலும் சொல்வார். ஆறு வருடம் சொன்னார். அவள் அழுவாள், நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பேன்.

கடைசியில் ஒரு நாள், "அவரா, நானா?" என்று கேட்டுவிட்டாள். திருநின்றவூரில் ஒரு முதியோர் இல்லம் பார்த்தேன். அப்பா சண்டை போடவில்லை. "என்னைய அனுப்பிராதல" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

இல்லத்து வேன் வந்த காலையில் டிரைவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டார். அப்பா படியிறங்கியதும் அக்காவிடம், "ஹாலைப் பெருக்கிடுங்க" என்றேன்.

அக்கா அசையவில்லை. "இன்னா சார் நீ? பெரியவரு இப்பத்தான் ஊட்ட வுட்டுப் போறாரு. பொணம் எடுத்தாத்தான் சார் பின்னாலயே பெருக்குவாங்க."

எனக்குத் தெரியாதா? யாராவது ஊருக்குக் கிளம்பினால் என் அம்மா அன்று சாயங்காலம் வரை வாரியலைத் தொட்டதில்லை. ஆனாலும் அக்கா கையிலிருந்து பிடுங்கி நானே பெருக்கினேன். அப்பா உட்காரும் நாற்காலிக்கு அடியிலிருந்து ஆரம்பித்தேன். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

நிமிர்ந்தபோது அப்பா வாசலில் நின்றிருந்தார். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்.

"பொணத்த இன்னும் எடுக்கலையேல. அதுக்குள்ள என்ன அவசரம்?"

அக்கா ஓடிப்போய்க் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. கீழே வேன் கிளம்பும் சத்தம் கேட்கிறவரை நின்றிருந்துவிட்டு, மிச்சத்தையும் பெருக்கி முடித்தேன்.