முதலில் போகிறவருக்கு ஏற்ற டயர்

என் வீட்டுக்காரரின் அக்காவை நானும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். ஐம்பது வயதைத் தாண்டிவிட்டார். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு லாண்டரி நடத்துகிறோம். துவைக்கிற இயந்திரங்களை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். மடிப்பதும் மூட்டை கட்டுவதும் என் வேலை. இஸ்திரி போடுவதும், மூட்டைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் விடுதிகளுக்கும் வீடுகளுக்கும் கொடுத்துவிட்டு வருவதும் அக்காவின் வேலை. நாள் முழுக்க நீராவியில் நின்றாலும் அவர் முகத்தில் இருக்கிற குறும்பு மட்டும் வெந்து போனதில்லை.

விடுமுறை நாளில் அதே காரில் அக்கா பந்தயம் ஓட்டுவார்.

பந்தயம் என்றதும் பத்து கார்கள் முட்டி மோதிக்கொண்டு ஓடும் என்று நினைக்க வேண்டாம். ஒரு பெரிய கிடங்குக்குப் பின்னால் காலியான சிமெண்டுத் தரை. அதில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வளைத்து வளைத்து நிறுத்தி வைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். கூம்பைத் தட்டாமல் யார் சீக்கிரம் சுற்றி வருகிறாரோ அவருக்கு வெற்றி. ஆளுக்கு மூன்று ஓட்டம். அதில் நல்லது எதுவோ அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஓட்ட வருகிறவர்களும் நம்மைப் போன்றவர்கள்தான். ரொட்டி சுடுகிறவர், பல் டாக்டர், பள்ளி பஸ் டிரைவர் என்று ஒரு கூட்டம்.

அக்கா உயரம் குறைவு. ஒரு துண்டை மடித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துதான் ஓட்டுவார். ஏதாவது விடுதியின் துண்டாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம் வந்து, ஒரு நாள் எடுத்துப் பார்த்துவிட்டேன். எங்கள் துண்டுதான். கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

அந்தக் காரை என் வீட்டுக்காரரும் ஓட்டுவார். ஒரே காரை இரண்டு பேர் ஓட்டினால், ஒருவர் தன் மூன்று ஓட்டத்தையும் முடித்த பிறகு மற்றவர் ஏறுவது அங்கே வழக்கம். ஒவ்வொரு தடவையும் என் வீட்டுக்காரர் கார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "பெரியவங்க முதல்ல. ஏறுக்கா" என்பார். அக்கா மேல் அவருக்கு எவ்வளவு மரியாதை என்று பார்க்கிறவர்கள் என்னிடம் சொல்லிச் சொல்லி வியப்பார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் ஒவ்வொரு தடவையும் அக்கா தோற்றார். புறப்பட்டதுமே காரின் பின்பக்கம் வழுக்கும். ஒரு முறை கார் அப்படியே திரும்பி, புறப்பட்ட இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. நேரம் குறிக்கிறவருக்கு அக்கா உள்ளே இருந்தே கையசைத்தார். அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் ஏறினால், கார் தண்டவாளத்தில் போவது போலப் போகும்.

வருஷத்தின் கடைசிப் பந்தயத்துக்கு முன்னால் பழைய டயர்கள் தேய்ந்துபோயின. மத்தியானம் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் மெதுவாக ஆரம்பித்தார்.

"ரெண்டு பேரு ஓட்டுனா எந்த டயரும் தாங்காதுக்கா. அடுத்த வருஷத்துல இருந்து ஒருத்தர் ஓட்டினா போதும். கடைசிப் பந்தயத்துல ஜெயிக்கிறவங்களுக்கு டிரைவர் சீட்டு. தோத்தவங்க கூம்பு எடுத்து வைக்கட்டும்."

அக்கா தட்டைத் தள்ளி வைத்தார். "வாரத்துல அந்த ஒரு காலைதான்டா எனக்கு மூட்டை இல்லாத காலை."

"நீயே ஜெயிச்சிக்கோயேன், யாரு வேணாம்னா?"

அக்கா தட்டை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சரி. ஆனா டயரு நான்தான் எடுப்பேன். போன தடவை நீ எடுத்த."

"தாராளமா எடு. கறுப்பா, வட்டமா இருந்தா சரி."

மூட்டைகளைக் கொடுத்துவிட்டு வரும் வழியில் நானும் அக்காவும் டயர் கடைக்குப் போனோம். கடைக்காரர் டயரைச் செல்லமாகத் தட்டிக்கொண்டே பேசுகிறவர்.

"முன்சக்கரம் இழுக்குற வண்டிதானேம்மா? அப்போ முன்னாடி ரெண்டுக்கும்தான் எல்லாக் கஷ்டமும். இழுக்கணும், திரும்பணும், நிறுத்தணும். பின்னாடி ரெண்டும் சும்மா கூட வரும்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "புரியுதா? முன்னாடி ரெண்டும் நீயும் நானும். பின்னாடி ரெண்டும் உன் வீட்டுக்காரனும் அவன் வாயும்."

கடைக்காரர் இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார். "இது கெட்டி ரகம். நீங்க இப்போ போட்டிருக்கிறதே இதுதான். சூடேறினாத்தான் தரையைப் பிடிக்கும். சில்லுனு இருந்தா வழுக்கும். ஆனா சூடான பிறகு எவ்வளவு ஓட்டினாலும் தாங்கும்."

அக்கா குனிந்து அந்த டயரைத் தொட்டுப் பார்த்தார். "முதல்ல ஓட்டுறவங்களுக்கு வழுக்கும். சூடு பண்ணிக் குடுத்தா, அடுத்து ஏறுறவங்களுக்குப் பிடிக்கும். அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"அடப்பாவி! கதவைத் திறந்து விட்டானே, பெரியவங்க முதல்லன்னு! இத்தனை நாளா என்னைப் போட்டு டயரைச் சூடு பண்ணியிருக்கான்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டின புருஷனாயிற்றே என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

"அந்த இன்னொண்ணு?" என்றார் அக்கா.

"இது மெத்து ரகம். சூடே வேணாம், எடுத்த எடுப்புலயே தரையைக் கவ்விக்கும். ஆனா அடுத்தடுத்து ஓட்டிக்கிட்டே இருந்தா முன்டயர் கொழகொழத்துடும். அப்புறம் நீங்க ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராத்தான் போகும்."

"முதல்ல ஓட்டுறவங்களுக்கு?"

"அல்வா மாதிரி."

"அடுத்து ஏறுறவங்களுக்கு?"

"பாவம்."

"நாலும் அதையே குடுங்க" என்றார் அக்கா.

காரில் ஏறியதும் நான் சொன்னேன்: "அக்கா, அவரு என்கிட்ட கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்."

"சொல்லவே சொல்லாத. ஆனா டயரைப் பத்தி அவன் உன்கிட்ட கேப்பான்னு நெனைக்கிற?"

யோசித்துப் பார்த்தேன். சட்டை எங்கே என்பதைத் தவிர அவர் என்னிடம் பெரிதாக எதையும் கேட்டதில்லை.

டயர்களை, விடுதியில் வாங்கி வந்த அழுக்கு மூட்டை ஒன்றின் மேல் சாய்த்துக்கொண்டு வந்ததில், ஒரு வெள்ளை விரிப்பில் தடம் பதிந்துவிட்டது. அதை நான் கசக்கிக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். "இதென்ன கறை?"

"டயருங்க" என்றேன்.

"பார்த்துக் கொண்டு வரக் கூடாதா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் கேட்டது அவ்வளவுதான். நானும் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன்.

பந்தய நாளில் வெயில் காலையிலேயே கொளுத்தியது. சிமெண்டுத் தரை செருப்பைத் தாண்டிச் சுட்டது. வழக்கம் போல என் வீட்டுக்காரர் கதவைத் திறந்து பிடித்தார்.

"பெரியவங்க முதல்ல."

"இன்னைக்கு ஒரு நாளாவது நீ முதல்ல போடா. எனக்கும் ஆசையா இருக்கும்ல?"

"ஐயையோ, அந்தப் பாவம் எனக்கு வேணாம்கா. ஏறு."

அக்கா என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு, துண்டைச் சரி செய்துகொண்டு ஏறினார். எனக்கு யாருக்காக வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. யாருக்கும் அடிபடக் கூடாது கடவுளே என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். அது இரண்டு பக்கத்துக்கும் பொது.

கார் புறப்பட்டது. வழுக்கவே இல்லை. ஒவ்வொரு கூம்பையும் உரசாமல், காதில் ரகசியம் சொல்வது போலப் பக்கத்தில் போய்ப் போய்த் திரும்பியது. முதல் ஓட்டத்திலேயே அக்கா, இதுவரை தான் ஓட்டியதை எல்லாம் விட வேகமாக வந்துவிட்டார். பல் டாக்டர் கை தட்டினார். இரண்டாவதும் நன்றாகவே போனது. மூன்றாவதில் கார் கொஞ்சம் கனத்தது. அக்கா பெரிய வளைவில் நிதானித்து முடித்துக்கொண்டார். இறங்கியவர் தம்பிக்காகக் கதவைத் திறந்து பிடித்தார்.

"சின்னவங்க அடுத்து. ஏறுடா கண்ணா."

முதல் ஓட்டத்தில் என் வீட்டுக்காரர் பெரிய வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினார். கார் அவர் பேச்சைக் கேட்கவில்லை. மூக்கை நீட்டிக்கொண்டு நேராகப் போய் வரிசையாக நின்ற கூம்புகளைச் சாய்த்தது. அடுத்த ஓட்டத்தில் இன்னும் வேகமாகத் திருப்பினார். இன்னும் நேராகப் போனது. திரும்பி வந்து இறங்கி, டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினார், பிறகு ஏற்றினார், ஓர் உதையும் விட்டார். கடைசியில் இரண்டு கையையும் விரித்து வானத்தைப் பார்த்துக் கேட்டார்.

"என்னதான் ஆச்சு இந்த டயருக்கு?"

அவர் என்னிடம் கேட்கவில்லைதான். ஆனால் அவருக்கு மிகப் பக்கத்தில் நின்றது நான்தான்.

"சூடாயிடுச்சுங்க" என்றேன்.

அவர் மெல்லத் திரும்பினார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"கடைக்காரரு சொன்னாரு. இது முதல்ல ஓட்டுறவங்களுக்கு அல்வா மாதிரியாம். அடுத்து ஏறுறவங்க பாவமாம்."

பஸ் டிரைவர் வாயில் இருந்த தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரித்தார். என் வீட்டுக்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"டயருக்கு அடிச்சு ஆத்திக்கோ. இன்னும் ஒரு ஓட்டம் இருக்குல்ல?"

"கொண்டு வந்தே வெச்சிருக்கியா?"

"நீ கேட்டிருந்தா முதல் ஓட்டத்துக்கே குடுத்திருப்பேன்டா."

இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து ஆளுக்கு ஒரு டயராகத் தண்ணீர் அடித்துத் துடைத்தார்கள். மூன்றாவது ஓட்டத்தை அவர் அருமையாக ஓட்டினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு கூம்பும் விழவில்லை. அப்படியும் அக்காவின் நேரத்துக்கு ஒரு தும்மல் அளவு பின்னால் வந்தார்.

அவர் இறங்கி வந்து சாவியை அக்கா கையில் வைத்தார். "சீட்டு உனக்குத்தான்கா. நான் கூம்பு எடுத்து வைக்கிறேன்." முகம் சின்னப் பையனைப் போல ஆகிவிட்டது.

அக்கா சாவியை விரலில் மாட்டிச் சுழற்றினார். "நீ கூம்பு எடுத்து வெச்சா அதுவும் கோணலாத்தான் இருக்கும். பேசாம நீயும் ஓட்டு. நீ இல்லாம நான் யாரைத் தோக்கடிக்கிறது?"

அவருக்கு உயிர் வந்துவிட்டது. "அப்போ ஒரே ஒரு கண்டிஷன். அடுத்த வருஷம் நான்தான் முதல்ல ஏறுவேன்."

"பெரியவங்களுக்கு மரியாதை?"

"அதெல்லாம் வீட்டுல."

அக்கா நீண்ட பெருமூச்சு விட்டார். "சரிடா. சின்னவன் ஆசைப்படுற. நீயே முதல்ல ஏறு." அவ்வளவு பணிவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் மாறிவிட்டார். சாப்பிடும்போதும் மூட்டை கட்டும்போதும் என்னிடம் வந்து, "அக்கா டயரைப் பத்தி ஏதாவது சொன்னாளா?" என்று கேட்கிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் பேச்சுக்கு இவ்வளவு மதிப்பு இருந்ததில்லை.

போன வாரம் அக்கா டயர் கடைக்குப் போய் வந்தார். வாசல் வரை போன என்னை, "நீ இருந்து விரிப்பெல்லாம் மடி கண்ணு" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வாங்கி வந்த டயர்கள் சாக்குக்குள் கட்டிக் கிடக்கின்றன. கெட்டி ரகமா மெத்து ரகமா என்று நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் கேட்டால் தெரியாது என்று சொல்லலாம், அது உண்மையாகவும் இருக்கும்.