ஸ்டீயரிங்கில் ஒட்டிய தாள்

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே படியுங்கள், எனக்கு ஒன்றும் குறையப்போவதில்லை. குறைய வேண்டியதெல்லாம் குறைந்துவிட்டது. ராத்திரியும் இல்லை, சுடுகாடும் இல்லை. பட்டப்பகல். செவ்வாய்க்கிழமை. மத்தியானம் 1:10-லிருந்து 1:41 வரை. நேரம் எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும் என்று கேட்பீர்கள். வண்டிக்குள்ளேயே கடிகாரம் இருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் வண்டிப் பட்டறையில் எலக்ட்ரிக் வேலை பார்ப்பவன். அதற்கு முன்னால் வண்டி கழுவினேன். பள்ளிக்கூடம் போனதில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே நாற்பத்து மூன்று வயதில். ஏன் கற்றேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். சொல்லித்தான் ஆக வேண்டும்.

அன்று காலை ஒரு புது பிக்கப் வந்தது. வெள்ளை நிறம். சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்கவில்லை. ஓடியது வெறும் 61 கிலோமீட்டர். டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கு, பேட்டரி விளக்கு, ஏர்பேக் விளக்கு, பெல்ட் விளக்கு, நாலும் எரிந்தன. எரியும், அணையும், சும்மா இருக்கும், மறுபடி எரியும்.

"பச்சப்புள்ள மாமா. பல்லு மொளைக்குது போல, அதான் சிணுங்குது" என்றான் மச்சான்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. இருபத்தாறு வயது. நான்தான் அவனைப் பட்டறையில் சேர்த்துவிட்டேன். சேர்த்த அன்று என் மனைவி சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாள். "முழுசா அனுப்புறேன். முழுசா திருப்பிக் கொடுக்கணும்."

பேட்டரியை அளந்தோம். 12.6 வோல்ட். வண்டியை ஓடவிட்டு அளந்தோம். 14.2. சார்ஜ் நன்றாகவே ஏறுகிறது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தோம். ஒன்றுகூடப் போகவில்லை. எர்த் ஒயர்களைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி இறுக்கினோம். ஸ்கேனரை மாட்டினேன். 'பிழை இல்லை' என்று வந்தது. அதே நேரம் கண் முன்னால் நாலு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன.

"மெஷின் பொய் சொல்லுது மாமா."

"மெஷின் சொல்லாது. ஒயர்தான் பொய் சொல்லும்."

11:20. இரண்டு பேரும் வெளியே பானெட்டுக்குள் தலையைவிட்டு நின்றோம். வண்டிக்குள் டிங்… டிங்… டிங்… என்று பெல்ட் மணி அடித்தது. டிரைவர் சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால்தான் அது அடிக்கும். எட்டிப் பார்த்தேன். சீட் காலி. ஆனால் பிளாஸ்டிக் உறை நடுவில் குழிந்திருந்தது. நான் பார்க்கப் பார்க்க, குழி மெல்ல மேலே வந்தது. உறை சரசரத்தது.

"புது ஸ்பாஞ்சு. அப்படித்தான் இருக்கும்" என்றான் மச்சான். நானும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

12:05. இன்னொன்று கவனித்தோம். மச்சான் பக்கத்தில் போனால் விளக்குகள் அணைந்தன. நான் போனால் எரிந்தன. நாலு தரம் மாறி மாறிப் போய்ப் பார்த்தோம். நாலு தரமும் அப்படியே.

"உங்க மூஞ்சி அதுக்குப் புடிக்கல மாமா."

"உங்கக்காவுக்கும்தான் புடிக்கல. பதினஞ்சு வருஷமா வண்டி ஓடலையா?"

அதுதான் நாங்கள் கடைசியாகச் சிரித்தது.

1:10. மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது விழுந்தால் கத்தித்தான் பேச வேண்டும். இரண்டு மணிக்கு வண்டியை வெளியே எடுத்து வைத்தாக வேண்டும் என்று போர்மேன் சொல்லிவிட்டுப் போயிருந்தார். லிஃப்டில் வேறு வண்டி தொங்கியது. கியர்பாக்ஸ் பக்கம் போகிற ஒயர்க்கட்டு மட்டும்தான் பாக்கி. மச்சான் சக்கரப் பலகையில் படுத்துத் தரையோடு உள்ளே போவதாகச் சொன்னான்.

எங்கள் பட்டறையில் ஒரு முறை உண்டு. வண்டிக்கு அடியில் போகிறவன் தன் கையாலேயே தாளில் எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்ட வேண்டும். 'கீழே ஆள். தொடாதே.' எழுதியவன்தான் அதை எடுக்க வேண்டும். வேறு யார் கையும் படக் கூடாது. மச்சான் எழுதினான், கறுப்பு டேப்பால் ஒட்டினான், உள்ளே போனான்.

1:22. வண்டிக்கு அடியிலிருந்து சத்தம்.

டக்… டக்… டக்.

"என்னடா தட்டுற?"

"நான் தட்டல. நீங்கதானே தட்டினீங்க?"

அந்த மூன்று தட்டு எனக்குத் தெரியும்.

நாலு வருடத்துக்கு முன்னால் எங்களிடம் ஓர் எலக்ட்ரீஷியன் இருந்தான். வலது கட்டைவிரல் பாதிதான் இருக்கும். மொட்டைவிரல் என்றே கூப்பிடுவோம். எந்த வண்டிக்கு அடியில் போனாலும் உள்ளேயிருந்து மூன்று தரம் தட்டுவான். நான் அப்போது வண்டி கழுவுகிறவன். ஒருநாள் ஒரு வண்டியைக் கழுவ எடுத்து வரச் சொன்னார்கள். ஸ்டீயரிங்கில் தாள் ஒட்டியிருந்தது. கழுவப் போகிற வண்டிக்கும் சீட்டு அங்கேதான் ஒட்டுவார்கள். எனக்கு எல்லாத் தாளும் ஒன்றுதான். பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு சாவியைத் திருகினேன். வண்டி கியரில் இருந்தது. ஒரு குதி குதித்தது. அடியில் ஏதோ முறிந்தது.

போர்மேன் ஓடி வந்தார். "தாள் ஒட்டலையா அவன்?"

என் கை மூடியிருந்தது. "இல்ல" என்றேன்.

செத்தவன் மேலேயே குற்றத்தை எழுதி முடித்தார்கள். நான் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரிடம் கேட்பது? கேட்க முடியாது. அதனால்தான் எழுத்துப் படித்தேன். மகளின் நோட்டுக்குப் பக்கத்தில் யாருக்கும் தெரியாமல் அந்தத் தாளை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து எழுதினேன். ஏழு மாதம் ஆனது. 'கீழே ஆள். தொடாதே.' நான் முதன்முதலில் படித்த வாக்கியம் அது.

மகள் இன்றைக்கும் கேலி செய்வாள். "அப்பா, உங்க ழ-வுக்கு மட்டும் ஏன் இவ்ளோ நீள வால்?"

மொட்டைவிரலின் ழ-வுக்கும் அதே வால்தான்.

1:29. கீழேயிருந்து மச்சானின் குரல். "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டுங்க… ஆங், அங்கதான்."

நான் பானெட் பக்கம் நின்றிருந்தேன். என் கையில் டார்ச் இல்லை.

"டேய், வெளிய வா."

"இருங்க மாமா. நீங்களே உள்ள வந்து டார்ச் புடிச்சுட்டு, நீங்களே வெளிய வான்னு சொல்றீங்க."

குனிந்தேன். மச்சானின் கால் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில்…

இன்னொரு ஜோடிக் கால்.

1:33. நாலு விளக்கும் ஒன்றாக எரிந்தன. டிங்… டிங்… டிங்…

நான் ஓடினேன்.

காலைப் பிடித்து மச்சானை வெளியே இழுத்திருக்கலாம். வண்டிச் சாவியையாவது கையோடு எடுத்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. பின்னால் இருக்கிற ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மழை… தகரம்… என் மூச்சு. எட்டு நிமிடம்.

1:41.

இன்ஜின் சத்தம்.

பிறகு அந்த முறிகிற சத்தம்.

மறக்கவில்லை நான். அதே சத்தம்.

ஓடி வந்தேன். வண்டிக் கடிகாரத்தில் இன்னும் 1:41. டிரைவர் சீட்டில் போர்மேன். கையில் ஒரு தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"நீதானேடா எழுதி வச்ச? ஆள் இல்லன்னு நீதானே எழுதி வச்ச?"

தாளை என் முகத்துக்கு நேராக நீட்டினார். 'கீழே ஆள் இல்லை. எடுக்கலாம்.' ஓரத்தில் கிரீஸ் கறை. பாதிக் கட்டைவிரல் அச்சு.

மச்சானுக்கு ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் நினைவு இருந்தது. அக்காளைத் தேடவில்லை. என்னைத்தான் தேடினான். கிட்டே குனிந்தேன்.

"மாமா… நீங்கதானே பக்கத்துல படுத்திருந்தீங்க…"

இன்னும் கிட்டே குனிந்தேன்.

"உங்க வெரல்… ஏன் பாதி இருந்துச்சு…"

சாயந்திரம் 4:10-க்கு அடங்கினான்.

விசாரிக்க வந்த அதிகாரி முதலில் மச்சான் எழுதிய தாளைத் தேடினார். ஸ்டீயரிங்கில் இல்லை, தரையில் இல்லை, குப்பையில் இல்லை. எல்லாருடைய பையையும் காட்டச் சொன்னார். அது என் சட்டைப் பையில் இருந்தது. நாலாக மடித்து.

பிறகு எல்லாரையும் அந்த வாக்கியத்தை எழுதச் சொன்னார். 'கீழே ஆள் இல்லை. எடுக்கலாம்.' பதினோரு பேர் எழுதினோம். என் தாளை அந்தத் தாளோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். ழ-வின் வாலில் விரலை வைத்தார்.

"உன் எழுத்துதானே?"

என் மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசவில்லை. திட்டவும் இல்லை. ஜாமீனில் வந்திருக்கும் எனக்குச் சோற்றை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறாள். போன வாரம் ஒரே ஒரு தரம் வாயைத் திறந்தாள். "முழுசா கேட்டேன்ல."

வண்டியைக் கம்பெனி ஆட்கள் வந்து எடுத்துப் போனார்கள். ஆறு நாள் பிரித்துப் பார்த்தார்களாம். ஒரு குறையும் இல்லை. எந்த விளக்கும் எரியவில்லை. இப்போது யாரோ ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

என்னைக் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது. பழைய தாளைக் காட்ட வேண்டும். இது என் எழுத்து இல்லை, நான் யார் எழுத்தைப் பார்த்துக் கற்றேனோ அவனுடையது என்று சொல்ல வேண்டும். சொன்னால் நாலு வருடத்துக்கு முன்னால் செத்தவனையும் நானே கொன்றேன் என்று ஆகும். ஆகட்டும் என்று துணிந்தேன். நேற்றுக் காலை, 9:15. தகரப் பெட்டியைத் திறந்தேன். அதன் சாவி நாலு வருடமாக என் இடுப்பில்தான் இருக்கிறது.

தாள் இருந்தது. நாலாக மடித்தபடி.

பிரித்தேன்.

'கீழே ஆள். தொடாதே.'

அதற்கு அடியில் இன்னொரு வரி. அதே கை. மை விரலில் ஒட்டியது.

'இப்போ படிக்கத் தெரியுதா?'