பத்மாசனி சுட்ட கரி

கலியாணமாகி மூன்றாம் மாதமே பத்மாசனி தன் புருசன் வீரகத்தியை மதிக்காமல் விட்டுவிட்டாள். மனுசன் வெறும் வாய்ச்சவடால் என்று அதற்குள் விளங்கிவிட்டது. ஆனாலும் வவுனிக்குளத்தில் காணி கிடைத்தபோது அச்சுவேலியிலிருந்து அவனோடு வந்தாள். காணி அவன் பேரில் அல்லவா இருந்தது!

அறுபதாம் ஆண்டளவில், காடு வெட்டி முடியப் பாலை மரமும் வீரை மரமும் குவியலாய்க் கிடந்தன. அக்கம்பக்கத்தார் கொளுத்தித் தள்ளினார்கள். வீரகத்தியோ கரி சுட்டு யாழ்ப்பாணத்துக் கொல்லர்களுக்கு அனுப்பப்போவதாகச் சொல்லித் திரிந்தான். கட்டைகளை நெருக்கி அடுக்கி, இலைகுழை பரப்பி, ஈரமண்ணால் மூடி, உள்ளே நெருப்பு வைத்தான். அதுவரை பிழையில்லை. இனிக் காற்றுப் படாமல் அது உள்ளுக்குள்ளேயே புழுங்கவேண்டும். வெள்ளைப்புகை நீலமாகும்வரை சும்மா இருக்கவேண்டும். சும்மா இருக்கிற ஆளா அவன்? தேத்தண்ணிக் கடையில் நின்றவர்களைக் கூட்டிவந்து, மண்ணை விலக்கிக் காட்டினான். காற்றுப் புகுந்ததும் கட்டைகள் சுவாலைவிட்டு எரிந்தன. மிஞ்சியது சாம்பல்தான்.

பார்த்தவர்களின் கண்ணூறு பட்டுவிட்டது என்றான். அடுத்த சூளையும் அப்படியே போனது. அதற்குக் கச்சான் காற்றைக் குறை சொன்னான்.

பத்மாசனி சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடிக்கவும் எதிரில் ஒரு ஆள் வேண்டும் என்பது அவள் எண்ணம். சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"நீங்கள் கொஞ்சநாள் அக்கா வீட்டை போய் நிண்டிட்டு வாங்கோ."

"அப்ப சூளையை ஆர் பாக்கிறது?"

"நீங்கள் இல்லாட்டி அது தன்பாட்டில வேகும்."

அவன் போனான். பத்மாசனியும் பக்கத்துக் காணி நேசமலரும் கட்டை அடுக்கினார்கள். மண் வெடித்த இடமெல்லாம் சேறு அப்பினார்கள். ஒருவரையும் கிட்ட விடவில்லை. புகை நீலமானதும், அது வெளியேற விட்டிருந்த துவாரங்களை அடைத்து ஆறவிட்டார்கள். திறந்தபோது கட்டை கட்டையாகவே கிடந்தது. தட்டினால் கணீரென்ற கரி.

லொறி வந்த அன்று வீரகத்தியும் வந்து சேர்ந்தான். மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று, தான் சுட்ட விதத்தை லொறிக்காரனுக்கு விளங்கப்படுத்தினான். நேசமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்மாசனி அவள் கையைப் பிடித்தாள்.

"விடு பிள்ளை. மூட்டை ஏத்தி முடியுமட்டும் லொறிக்காரனுக்கும் பொழுது போகவேணும்."

அதன்பிறகு ஒவ்வொரு கோடையிலும் சூளை வைக்குமுன் அவனை பஸ் ஏற்றிவிட்டாள். ஏன் அனுப்புகிறாள் என்று அவன் ஒருநாளும் கேட்கவில்லை. ஊர் அவனைக் கரிக்கார வீரகத்தி என்றது. அதில் அவனுக்குப் பெரிய புளுகம், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான்.

அறுபத்தொன்பதாம் ஆண்டில் காய்ச்சல் கண்டு செத்தான். செத்தவீட்டில் ஒருவர் எழும்பி, இந்த வட்டாரத்துக்கே கரித்தொழிலைக் கொண்டுவந்த உழைப்பாளி என்று புகழ்ந்தார். பத்மாசனி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள், தோள் குலுங்கியது. பெண்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னார்கள். அது அழுகையல்ல என்று தெரிந்தவள் நேசமலர் ஒருத்திதான். அவளும் தலையைக் குனிந்துகொண்டாள்.