தவறிட்டாங்க

காலை 10.40க்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. திண்டிவனம் மண்வீடு பயிற்சிக்கு நாங்கள் இருவரும் தேர்வாகிவிட்டோமாம்.

கான்கிரீட் இன்ஜினியரான என்னையும் சேர்த்து விண்ணப்பித்தவள் என் மனைவி. போன மாதம் இறந்துபோனாள்.

செய்தியின்படி, இயற்கையோடு வாழச் சொல்லித்தரும் இடம் ஏசி மண்டபம். தம்ளர் நாம் கொண்டுபோக வேண்டும், மண் அவர்கள் தருவார்கள்.

அதிலிருந்த நம்பருக்குப் போன் செய்து, "வைஃப் தவறிட்டாங்கங்க" என்றேன்.

"அதுக்கு ஏன் சார் பேஜாராவறீங்க?" என்றார் எடுத்த பெண். "இந்த பேட்ச் தவறினா அடுத்த பேட்ச். மேடம் பேரை இப்பவே ஏத்திக்கினு இருக்கேன்."

திருத்த வாயெடுத்தேன். "முன்வரிசையா போடுங்க" என்றுதான் வந்தது.

"கண்டிப்பா சார். ரிமைண்டர் உங்க நம்பருக்கே வரும்."

நான் செய்தது தப்பென்றால் கமென்ட்டில் திட்டுங்கள், லேப்டாப்பில் படிப்பேன். போனை அணைத்துவிட்டேன்.