சவரிமுத்துவுக்கு ஒரு வாழ்த்து அட்டை

பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர் என்பவர், கணக்கு டீச்சர் விடுப்பு எடுத்த நாளில் பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள். தையல், ஓவியம், விளையாட்டு என்று பகுதிநேரத்தில் காலம் தள்ளும் சகபாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்களுக்கும் வருடத்தில் ஒரு வாரம் மரியாதை வரும். அது பெற்றோர் தின வாரம். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஆளுக்கொரு பூ வரைந்த வாழ்த்து அட்டை தயாராக வேண்டும். அப்படி ஒரு வாரத்தில் ஏழாம் வகுப்பில் நடந்தவை இவை.

மலர்ந்த மல்லி

நான் சொல்லிக்கொடுக்கும் பூ சுலபமானது. வெள்ளை சார்ட்டை வெட்டி இரண்டாக மடிக்க வேண்டும். பாட்டில் மூடியை வைத்து ஒரு வட்டம், அதைச் சுற்றி ஐந்து இதழ், ஒரு காம்பு, இரண்டு இலை. கை நடுங்கும் பிள்ளைக்கும் வந்துவிடும். சீலையம்பட்டிப் பக்கம் மல்லித் தோட்டம் வைத்திருப்பவரின் மகள் ஒருத்தி, இதழ்களை இன்னும் மெல்லிதாக்கி, நன்றாக மலர்ந்த மல்லியாகவே வரைந்துவிட்டாள்.

பூப் பறிக்க ஆள் இல்லை, மகளுக்கு இரண்டு நாள் லீவு வேண்டும் என்று கேட்க அவள் அப்பா வந்திருந்தார். அந்த வாரம் மார்க்கெட்டில் பூ தேங்கி, கொண்டுபோனதைச் சாலையோரம் கொட்டிவிட்டு வந்த மனிதர். மகள் ஆசையாக அட்டையை நீட்டினாள். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “இப்பிடி மலந்துபோன மல்லிய எந்த யாவாரி சார் எடுப்பான்? மொட்டா வரையச் சொல்லுங்க.”

வராத அம்மாக்கள்

விழா வெள்ளிக்கிழமை மதியம் என்று முடிவானது. எங்கள் பிள்ளைகளின் அம்மாக்களில் பாதிப்பேர் விடியுமுன் ஜீப்பேறி, கம்பம்மெட்டு தாண்டி கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவர்கள். திரும்ப இருட்டிவிடும். ஒருநாள் போகாமல் நின்றால் மறுநாள் ஜீப்பில் அந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை வைக்கலாமே என்றேன். தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டுக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்: “வராத அம்மாக்களுக்கு எதுக்கு சார் சார்ட் பேப்பர வீணாக்குறீங்க?”

ஜெசிந்தாவின் அட்டை

ஜெசிந்தா மாதா கோயில் தெருப் பிள்ளை. அவள் அப்பா சவரிமுத்து, ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர். ஈரல் கெட்டு, தேனியில் பெரியாஸ்பத்திரியில் கிடந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பப்பட்டவர். தெருவுக்கே தெரிந்த விஷயம்.

வீட்டில் வைத்து முடித்து அவள் கொண்டுவந்த அட்டையைத் திறந்தேன். நடுவில் சவரிமுத்துவின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை ஒட்டியிருந்தாள். சுற்றிலும் பூமாலை. மேலே இரண்டு மூலையிலும் தலைகுனிந்த ரோஜா. இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு. கீழே பேரும் ஊரும். பஸ் ஸ்டாப் சுவரில் வாரம் ஒன்று ஒட்டுகிறார்களே, அந்தக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அப்படியே இருந்தது. ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற எழுத்து ஒன்றுதான் பாக்கி.

“ஏம்மா, நான் சொல்லிக்குடுத்த பூ என்னாச்சு?” என்றேன்.

“அது சும்மா பூவுதான சார். போஸ்டருல இருக்கவுகளத்தான் எல்லாரும் வண்டிய நிப்பாட்டிப் பாக்குறாக. எங்கப்பாவ யாரும் பாக்க வரமாட்டேங்கிறாக.”

மஞ்சக்காமாலை

பக்கத்தில் இருந்த சுகந்தி டீச்சரிடம் காட்டினேன். அவர் பார்த்த வேகத்தில் மூடிவிட்டார். வேறொரு அட்டை போடச் சொன்னேன். ஜெசிந்தா மறுபேச்சுப் பேசாமல் பாட்டில் மூடியை வைத்து வட்டம் போட்டாள். முதல் அட்டையை மட்டும் என்னிடம் தரவில்லை. பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் அம்மா லூர்து பள்ளிக்கூட கேட்டில் நின்றார். முந்தானைக்குள் அந்த முதல் அட்டை. மகளின் பையிலிருந்து எடுத்து வந்திருக்கிறார். இதை எப்படியாவது இல்லாமல் ஆக்குங்கள், வீட்டுக்காரரால் விழாவுக்கு வர முடியாது, வெள்ளிக்கிழமை நீங்களே வீட்டுக்கு வந்து மற்ற அட்டையைக் கொடுக்க வையுங்கள் என்றார். எதற்கு நான் என்று கேட்டேன். வெளியாள் இருந்தால் பிள்ளை உளறாது என்பது அவர் கணக்கு. அட்டையை என் கையில் திணித்துவிட்டுச் சொன்னார்: “மஞ்சக்காமாலைன்னுதான் அவுககிட்டச் சொல்லி வச்சிருக்கேன். உள்ளது தெரிஞ்சா அன்னைக்கே கண்ண மூடிருவாக சார்.”

பார்க்க வந்த ஆள்

வெள்ளிக்கிழமை விழா முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஜெசிந்தா உள்ளே ஓடினாள். “யப்பா, ஒன்னையப் பாக்க ஆளு வந்திருக்காக!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

சவரிமுத்து கயிற்றுக்கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வயிறு மட்டும் பெருத்து, மற்றதெல்லாம் வற்றிப்போயிருந்தது. கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள். மகள் அட்டையைக் கொடுத்தாள். ஐந்து இதழ்ப் பூ, ‘அன்புள்ள அப்பாவுக்கு’. அவர் அதை நெஞ்சில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். லூர்து காப்பி போட அடுப்படிக்குப் போனார். சர்க்கரை வாங்க மகளைக் கடைக்கு அனுப்பினார்.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். சவரிமுத்து அடுப்படியை ஒருதரம் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக் கேட்டார்: “அந்த மொத அட்ட எங்க சார்?”

எந்த அட்டை என்றேன். எனக்கே அந்த நடிப்பு நன்றாக வரவில்லை.

“விடுங்க சார். போட்டோ எடுத்துக் குடுத்ததே நாந்தான். பிள்ள சுத்தி மாலையெல்லாம் போட்டுட்டு, நடுவுல ஒட்ட ஒன்னு குடு யப்பான்னுச்சு. லைசென்சுக்கு எடுத்ததுல ஒன்னு கெடந்துச்சு, குடுத்தேன். வெளக்குத்தான் கொஞ்சம் கோணல்.” சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. அது அடங்க நேரமானது. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “எனக்கு உள்ளது தெரியும்னு லூர்துக்குத் தெரிஞ்சா ஒரு வாய் சோறு திங்கமாட்டா. நீங்களும் மஞ்சக்காமாலைன்னே சொல்லிருங்க.”

லூர்து காப்பியோடு வந்தார். டம்ளரை என் கையில் கொடுத்தபடி, கட்டிலில் இருந்தவர் காதில் விழ வேண்டும் என்றே சத்தமாகக் கேட்டார்: “பாத்துச் சொல்லுங்க சார், கண்ணுல மஞ்ச இப்ப கொறஞ்சிருக்குல்ல?”

நன்றாகவே குறைந்திருக்கிறது என்றேன். நிறத்தைப் பற்றி ஓவிய ஆசிரியன் சொன்னால் எந்த வீட்டிலும் மறுபேச்சு கிடையாது.