பாதி உடம்பு வெளியே

வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஸ்தனிஸ்லாஸுக்குப் பாதி உடம்பு வெளியேதான் இருக்கும். இடது கை ஸ்டியரிங்கில், வலது கை மேல் கம்பியில், தலை பின்சக்கரத்தைப் பார்த்துத் தொங்கும். வாய் ஓயாது. "வரலாம்... வரலாம்... இன்னும் வரலாம்... ஹோல்டான்!" கிளீனர் சொல்ல வேண்டியதை அவரே அவருக்குச் சொல்லிக்கொள்வார். கதவில்லாத ராணுவ ஜீப்பில் பத்தொன்பது வருஷமாக இதுதான் பழக்கம். ஒரு கீறல் விழுந்ததில்லை.

திருச்சிக்கு வெளியே ஒரு முகாமில் அவர் சிவிலியன் டிரைவர். சீருடை கிடையாது, மிடுக்குக்கு மட்டும் குறைவில்லை. பாலக்கரை வீட்டு வாசலில் ஸ்கூட்டரைத் தள்ளினாலும் "வரலாம்"தான். மாதா கோயிலில் பூசை முடிந்து, பெஞ்சிலிருந்து நகர்ந்து வெளியே வரும்போதுகூட மனைவி ஜென்சிக்கு அந்த முணுமுணுப்பு கேட்கும். முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

சென்ற ஜூனில் முகாமுக்குப் புது வண்டிகள் வந்தன. ஜீப்புகளுக்கு வயதாகிவிட்டது, இனிமேல் கவசம் போட்ட லாரிகள்தான் என்றார்கள். நான்கு வந்தன. ஸ்தனிஸ்லாஸ் மாப்பிள்ளை மாதிரி தலைவாரிக்கொண்டு கிளம்பினார். "ஏசி இருக்கு ஜென்சி! வெளிய குண்டு பட்டாலும் உள்ள நாம பாட்டுக்கு டீ குடிக்கலாம்!" போய் ஏறினார், ரிவர்ஸ் போட்டார், பழக்கத்தில் தலையை வெளியே வீசினார். அந்த ஜன்னல் கண்ணாடி நாலு விரல் தடிமன். திறக்காது.

சாயங்காலம் வலது நெற்றியில் எலுமிச்சங்காய் அளவுக்கு வீக்கத்தோடு வந்தார். "கேட்டுல இடிச்சிக்கிட்டேன்" என்றார். மறுநாள் அதன் பக்கத்தில் இன்னொன்று.

"இது யாரு, கேட்டோட தம்பியா?" என்றாள் ஜென்சி.

உண்மை அப்போதுதான் வெளியே வந்தது. புது வண்டி ஓட்ட ஒரு தேர்வு உண்டு. எட்டு டிரம்களுக்கு நடுவே வளைந்து வளைந்து வண்டியைப் பின்னால் எடுத்து, கொட்டகையில் விட வேண்டும். பின்புறம் காட்டும் பக்கக் கண்ணாடியை மட்டும்தான் பார்க்கலாம், கேமராவை அணைத்துவிடுவார்கள். முதல் தேர்வில் இவர் இரண்டு டிரம்களைச் சாய்த்து, மூன்றாவதைக் கொட்டகை வரைக்கும் கூடவே கூட்டிப் போயிருக்கிறார். வண்டிகளுக்குப் பொறுப்பாளரான நல்லுசாமி சொல்லிவிட்டார்: "இன்னும் ஒரு சான்ஸ்தான் ஸ்தனிஸ். அதுலயும் தொட்டீங்கன்னா ஸ்டோர்ல உக்காந்து கம்பளி மடிக்க வேண்டியதுதான்." தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது.

"சீட்டுல உக்காரலன்னா எனக்குச் சோறு எறங்காது ஜென்சி. கண்ணாடியப் பாத்துப் பின்னால வரதெல்லாம் மனுசன் செய்ற காரியமா?"

ஜென்சி ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி பியூட்டி பார்லரில் வேலை செய்கிறாள். "என்னங்க, நான் நாள் முழுக்க கண்ணாடியப் பாத்துதான் நிக்கிறேன். எனக்குப் பின்னால யார் வந்தாங்க, யார் யாரோட செருப்பப் பாக்குறாங்க, எல்லாம் திரும்பாமலே தெரியும். நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு எந்திரிங்க."

காலையில் அவர் இரண்டு கைகளிலும் பார்லரின் கைக்கண்ணாடிகள் இருந்தன. கழுத்தில், குனிந்து குனிந்து ஜென்சிக்கு வந்த வலிக்காகத் தில்லை நகர் டாக்டர் எழுதிக்கொடுத்த பட்டை. அதைப் போட்டால் தலை எந்தப் பக்கமும் திரும்பாது. குழாயடியில் வரிசையாக நின்ற பிளாஸ்டிக் குடங்களில் எட்டைச் சந்தில் வளைத்து வைத்தாள். ஸ்தனிஸ்லாஸ் கைக்கண்ணாடிகளை மட்டும் பார்த்து, சந்து முனையிலிருந்து வீடு வரைக்கும் பின்பக்கமாகவே நடக்க வேண்டும்.

"அண்ணே, பச்சைக் குடம் என்னுது. ஒடைச்சீங்க, உங்க ஏசி வண்டியிலதான் நான் தண்ணி எடுத்துட்டு வருவேன்!" என்றாள் எதிர்வீட்டு மலர்க்கொடி.

முதல் நாள் ஐந்து குடங்கள் உருண்டன. பச்சை, இரண்டு முறை. மூன்றாம் நாள் சந்தே பல் துலக்கிக்கொண்டு வாசலில் நின்றது. அவர் "வரலாம்... வரலாம்..." என்று முனகுவார், குடத்தை நெருங்கினால் அத்தனை வாயும் நுரையோடு "ஹோல்டான்!" என்று கத்தும். எட்டாம் நாள் யாரும் கத்த வேண்டியிருக்கவில்லை. அதில் எல்லோருக்கும் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பார்லருக்கு வரும் கஸ்தூரி மாமியிடம் ஜென்சி இதைச் சொன்னபோது மாமி நாற்காலியிலேயே குலுங்கினாள். "பெருமாளுக்கு முதுகு காட்டப்படாதுன்னு நாங்க ரெண்டடி பின்னால நடப்போம். உங்காத்துக்காரர் தெரு முழுக்கன்னா நடக்கறார்! புண்ணியம் எவ்வளவு சேர்ந்திருக்குமோ!"

தேர்வு நாளன்று ஸ்தனிஸ்லாஸ் போன் செய்யவில்லை. பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. ஜென்சி மாமிக்கு ஒரே புருவத்தை இரண்டு முறை திருத்தப் போனாள். "விடுடி, அது கொஞ்சமாவது மிச்சமிருக்கட்டும்!" என்று மாமி அலறினாள்.

அப்போது கண்ணாடியில், ஜென்சிக்குப் பின்னாலிருந்த கதவு திறந்தது. ஒரு முதுகு உள்ளே வந்தது. பதினாலு படியையும் பின்னாலேயே ஏறிய முதுகு. செருப்பு ஸ்டாண்டைத் தொடாமல், ஸ்டூலைச் சுற்றிக்கொண்டு, துண்டுக் கூடையை ஒதுக்கிவிட்டு, அவளுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"ஹோல்டான்" என்றாள் ஜென்சி, திரும்பாமலே. முதுகு சிரித்துக் குலுங்கியது. அவர் திரும்பியபோது நெற்றியைத்தான் முதலில் பார்த்தாள். புது வீக்கம் இல்லை.

இப்போது இரண்டாம் நம்பர் கவச வண்டி ஸ்தனிஸ்லாஸுடையது. கழுத்துப் பட்டை ஜென்சியிடம் திரும்பி வந்துவிட்டது. மலர்க்கொடிக்குப் புதுக் குடம் வந்தது, அதுவும் பச்சை. தினமும் காலையில் அவர் வண்டியைக் கொட்டகையில் பின்னால் விடும்போது, தடித்த கண்ணாடிக்குள் உதடுகள் மட்டும் அசைவது தெரியும். சத்தம் வெளியே வராது. அதனால் கேட்டில் நிற்கும் சிப்பாய்கள் அவருக்காகச் சேர்ந்து "ஹோல்டான்!" என்று கத்துகிறார்கள். அது உள்ளே கேட்காது. ஆனாலும் பக்கக் கண்ணாடியில் அவர்கள் வாயைப் பார்த்து, பிரேக்கை மிதித்துவிட்டு, ஸ்தனிஸ்லாஸ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார்.