யாரு அந்த மேற்படி?

ஊரார் வரவு செலவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கிற தொழில் இருக்கிறதே, அது பிறத்தியார் சட்டைப்பையில் கை விடுகிற வேலை. உள்ளே தேள் இருந்தால் கொட்டுவது நம்மைத்தான். எக்செல் ஷீட்டைக் கண்டாலே என்னைப்போல் ஓட்டம் பிடிக்கிற தோழர்களே, நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

தடைக்காலத்து மீன்

செங்கல்பட்டில் நான் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தபோது, கடப்பாக்கத்தில் விசைப்படகு வைத்திருந்த ஏகாம்பரம் வந்தார். வரவு செலவை அவரே எக்செல்லில் தட்டி வைத்திருந்தார். அதை வீட்டுக் கணக்கு மென்பொருளில் ஏற்ற வேண்டும். ஏற்றினேன். அந்தச் சனியன் மாசத்தை முதலில் படிக்கிற ரகம். 5/1 என்று அவர் போட்ட ஜனவரி ஐந்து, மே ஒன்றாகிவிட்டது. படகு கடலுக்கே போகக் கூடாத மே மாச மீன்பிடித் தடைக்காலத்தில் அவர் மீன் விற்றதாகத் திரை முழுக்க வரிகள். மனுஷனுக்கு முகம் வெளிறிவிட்டது.

"இன்னா சார் இது! எவனாவது பாத்தா என்னப் புடிச்சி உள்ள வெச்சிடுவான், அழிச்சிப் போடு சார்!"

முதல் பெயர்

தேதியைத் திருத்தி மறுபடி ஏற்றினேன். யாருக்கு எவ்வளவு போயிருக்கிறது என்று ஒரு தாளும் அச்சடித்துக் கொடுத்தேன். வினை அங்கேதான். மறுநாள் அவர் மனைவி செல்வி வந்தார். கையில் அந்தத் தாள், தோளில் துணிப் பை. பின்னாலேயே ஏகாம்பரம். டீசல், ஐஸ் எல்லாவற்றையும்விடப் பெரிய தொகையோடு முதல் பெயர்: மேற்படி.

'மேற்படி சமாச்சாரம்' என்று கண்ணடித்துப் பேசுகிற ஊர் நம்முடையது. அந்தம்மா என்ன நினைப்பார்? ஏகாம்பரம் வாயைத் திறந்தால் உளறல்தான் வந்தது. என் பிரிண்டரால் ஒரு குடும்பம் உடையப்போகிறதே!

"யாரு சார் அவ? சொல்லு. இல்லாங்காட்டி இப்டியே எங்கம்மா வூட்டுக்குப் பஸ் ஏறிடுவேன்!"

மேல் வரி

ஷீட்டைத் திறந்தேன். கரையில் மீன் ஏலக் கணக்கு எழுதிப் பழகிய கை ஏகாம்பரத்துக்கு. ஒரே பெயர் அடுத்தடுத்து வந்தால் கீழே 'மேற்படி' என்று போட்டுவிடுவார். மென்பொருள் அதையும் ஒரு ஆள் என்று எடுத்துக்கொண்டது.

"அப்போ மேல கீறது யாரு?" என்றார் செல்வி.

ஐயோ, மேலே எவள் பேர் இருந்து தொலைக்குமோ! திரையை மெல்லத் தள்ளினேன். மாசா மாசம் முதல் வரியில் 'செல்வி, வீட்டுச் செலவு'. அதற்குக் கீழே வரிசையாக மேற்படி, மேற்படி.

ஏகாம்பரம் பெஞ்சில் உட்கார்ந்தேவிட்டார். எனக்கும் உயிர் வந்தது. செல்வி மட்டும் சிரிக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தார்.

"பொண்டாட்டி பேர ரெண்டாந்தபா எழுதுனா கை இன்னா ஒடிஞ்சா பூடும்?"

அதற்கப்புறம் யார் ஷீட்டைக் கொடுத்தாலும், வீட்டுக்காரம்மா பேர் வரிக்கு வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் பட்டனைத் தொடுவதே.